சிறு நிறுவனத்தின் மெயில்: சர்வர் வெளியே இருக்கலாம், டொமைன் உங்களிடம்தான் இருக்க வேண்டும்

சிறு நிறுவனம் நடத்துகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "எங்க மெயிலை நாங்களே ஒரு சர்வர் போட்டு நடத்திக்கலாமா, இல்லை ஆளுக்கு இவ்வளவுன்னு மாசாமாசம் கட்டி வெளியிலேயே வெச்சுக்கலாமா?" கேட்பவர் பெரும்பாலும் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுவிட்டுத்தான் கேட்கிறார். இருபது பேருக்கு இருபது மெயில் பெட்டி, ஆளுக்கு ஒரு கட்டணம், வருடத்துக்கு இத்தனை. அதைவிடக் குறைந்த செலவில் ஒரு விர்ச்சுவல் சர்வர் கிடைக்கிறது, மென்பொருளும் இலவசம். பிறகு ஏன் கட்ட வேண்டும்?

மெயில் சர்வரைப் பார்ப்பதையே வேலையாக வைத்திருக்கும் ஒருவர் உங்களிடம் இல்லையென்றால் வெளியே கொடுத்துவிடுங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்), அதன் டிஎன்எஸ் (அந்தப் பெயருக்கான மெயில் எங்கே போக வேண்டும் என்பது போன்றவற்றை இணையத்துக்குச் சொல்லும் பதிவுகள்), மெயில்களின் ஒரு பிரதி ஆகிய மூன்றையும் யாரிடமும் விட்டுவிடாதீர்கள். சொந்த மெயில் சர்வரைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறவன், என் சொந்தக் கடிதப் போக்குவரத்துக்கு இன்றும் அதையே வைத்திருப்பவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. அதனாலேயே அதில் எது எளிது, எது கழுத்தைப் பிடிக்கும் என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

எளிதானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மென்பொருளில் எந்தக் குறையும் இல்லை. வீட்சே வெனெமா 1998-ல் வெளியிட்ட போஸ்ட்ஃபிக்ஸும், டிமோ சிரைனென் 2002-ல் வெளியிட்ட டோவ்காட்டும் இன்றுவரை உலகமெங்கும் ஏராளமான மெயில் சர்வர்களில் ஓடுகின்றன. முன்னது மெயிலை வாங்கும், அனுப்பும். பின்னது பெட்டியில் வைத்து உங்கள் போனுக்கும் கணினிக்கும் காட்டும். இவற்றைத் தனித்தனியாக அமைக்கத் தெரியாதவர்களுக்கு மெயில்-இன்-எ-பாக்ஸ், மெயில்கவ் போன்ற தொகுப்புகள் இருக்கின்றன. கட்டளைகளைப் பார்த்து அடித்துக்கொண்டே போனால் ஒரு பிற்பகலில் சர்வர் எழுந்து நிற்கும். மறைகுறியாக்கச் சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகவே தருகிறது.

மெயில் வாங்குவதும் பலர் பயப்படும் அளவுக்குக் கடினமில்லை. "ராத்திரி சர்வர் படுத்துட்டா வர்ற ஆர்டரெல்லாம் போயிடுமே" என்பார்கள். போகாது. மெயிலை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் எஸ்எம்டிபி நெறிமுறையை ஜான் போஸ்டல் 1982-ல் எழுதினார். எதிர்முனைக் கணினி எப்போதும் விழித்திருக்கும் என்று நம்ப முடியாத காலம் அது. அதனால் எதிர்முனை பதில் சொல்லாவிட்டால் மெயிலை வரிசையில் வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் முயல வேண்டும் என்ற பொறுப்பு அனுப்புகிறவருக்கு உண்டு. குறைந்தது நான்கைந்து நாளாவது முயல வேண்டும் என்கிறது தரநிலை. போஸ்ட்ஃபிக்ஸ் தானாக எடுத்துக்கொள்ளும் கெடு ஐந்து நாள். சனிக்கிழமை விழுந்த சர்வரைத் திங்கள்கிழமை எழுப்பினால், இரண்டு நாள் மெயிலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். தாமதம் உண்டு, இழப்பு அநேகமாக இல்லை. நாற்பது வருடம் கடந்தும் இந்த ஏற்பாடு நிற்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மரியாதை வரும்.

சிக்கல் முழுக்க அனுப்புவதில் இருக்கிறது.

நீங்கள் அனுப்பும் மெயிலை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது எதிர்முனை சர்வர். அது பெரும்பாலும் கூகுளுடையதாகவோ மைக்ரோசாஃப்டுடையதாகவோ இருக்கும். அவர்களுக்கு நீங்கள் யார் என்று தெரியாது. உங்கள் ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் சர்வரின் எண்) தெரியும், டொமைன் தெரியும், இரண்டும் இதுவரை எப்படி நடந்துகொண்டன என்பது தெரியும். அவ்வளவுதான்.

முதல் தடை மெயில் சர்வரை விட்டுக் கிளம்பும் முன்பே வரும். ஒரு சர்வர் இன்னொரு சர்வரிடம் மெயில் கொடுப்பது 25-ஆம் எண் போர்ட் வழியாக. அமேசான், கூகுள், அஸூர், டிஜிட்டல்ஓஷன் என்று பெரிய கிளவுட் நிறுவனங்கள் வெளியே போகும் 25-ஐ முதலிலேயே அடைத்து வைத்திருக்கின்றன. சில இடங்களில் காரணம் எழுதிக் கேட்டால் திறப்பார்கள், சில இடங்களில் திறக்கவே மாட்டார்கள். அலுவலகத்து இணைய இணைப்பிலேயே சர்வரை வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் அங்கேயும் தடை உண்டு. வீடுகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் கொடுக்கப்படும் ஐபி வரிசைகளை, ஸ்பேமைத் தடுக்கப் பட்டியல்கள் வெளியிடும் ஸ்பாம்ஹாஸ் அமைப்பு தனிப் பட்டியலாகவே வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள முகவரியிலிருந்து நேரடியாக வரும் மெயிலைப் பல சர்வர்கள் உள்ளடக்கத்தைப் பார்க்காமலே திருப்பிவிடும்.

25 திறந்திருக்கும் சர்வர் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது அந்த ஐபி-யின் முன்கதை. புதிதாக வாடகைக்குப் போன வீட்டில், முன்பு குடியிருந்தவரின் கடன்காரர்கள் வந்து உங்கள் கதவைத் தட்டுவதுபோல, போன மாதம் அதே ஐபி-யிலிருந்து ஸ்பேம் அனுப்பியவரின் கெட்ட பெயர் உங்கள் தலையில் வந்து விழும். நீங்கள் எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. பக்கத்து எண்களில் இருப்பவர்கள் தொடர்ந்து தவறு செய்தால் அந்த ஐபி வரிசை முழுவதையும் அடைக்கும் பெறுநர்களும் உண்டு. சில தடைப் பட்டியல்களிலிருந்து பெயரை எடுக்க ஒரு படிவம் போதும். சில பெரிய நிறுவனங்களின் உள்பட்டியலில் சிக்கினால் படிவம் போட்டு, பொதுவான ஒரு பதில் வாங்கி, மறுபடி எழுதி, காத்திருக்க வேண்டியதுதான். அந்தக் காத்திருப்பில் உங்கள் பில்லும் விலைப்புள்ளியும் எங்கும் போகாது.

பிறகு டிஎன்எஸ் பதிவுகள். ஐபி-யிலிருந்து பெயருக்குத் திரும்பும் பிடிஆர் பதிவு வேண்டும். அதை உங்கள் டொமைன் பக்கத்தில் வைக்க முடியாது, ஐபி யாருடையதோ அவர்கள்தான் வைக்க வேண்டும். இன்னின்ன சர்வர்கள் என் பெயரில் அனுப்பலாம் என்று சொல்வது எஸ்பிஎஃப். மெயில் வழியில் மாறவில்லை, என் டொமைன்தான் இதற்குப் பொறுப்பு என்று கையெழுத்திடுவது டிகிம். இவை இரண்டில் ஒன்றுகூட 'அனுப்புநர்' வரியில் தெரியும் டொமைனோடு பொருந்தாவிட்டால் மெயிலை என்ன செய்வது என்று பெறுநருக்குச் சொல்வது டிமார்க். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இவற்றைக் கறாராகக் கேட்கத் தொடங்கின. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம். அதற்குக் கீழே அனுப்புகிற சின்னவர்களுக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம், சரியான பிடிஆர், மறைகுறியாக்கப்பட்ட இணைப்பு வேண்டும். ஸ்பேம் என்று பெறுநர்கள் புகார் செய்யும் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. 2025-ல் மைக்ரோசாஃப்டும் அதே வழியில் வந்தது.

இவையெல்லாம் இருந்தால் உள்ளே விட்டுவிடுவார்கள் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. இல்லாவிட்டால் விடமாட்டார்கள் என்பது மட்டும் உறுதி.

இங்கே சிறு நிறுவனத்துக்கென்றே ஒரு கஷ்டம் இருக்கிறது. அனுப்பும் அளவு குறைவாக இருப்பதே அதற்குப் பகை. ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது மெயில் அனுப்பும் சர்வருக்கு நல்ல பெயரும் எளிதில் சேராது. ஒழுங்கான ஒரு பெரிய நிறுவனம் லட்சக்கணக்கில் அனுப்பி, மக்கள் திறந்து படித்து, பதில் எழுதி, தன் ஐபி நம்பகமானது என்று காட்டிவிடும். உங்கள் ஐம்பது மெயிலை வைத்து எதிர்முனை எந்த முடிவுக்கும் வர முடியாது. முடிவுக்கு வர முடியாத ஒன்றைச் சந்தேகப்படுவதுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு. கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் பக்கத்தில் போய் நம் மெயிலை எத்தனை பேர் ஸ்பேம் என்று புகார் செய்கிறார்கள் என்று பார்க்கலாம். ஆனால் அளவு குறைவாக இருந்தால் அங்கே காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

நான் அருகிலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். இயந்திர உதிரிபாகம் விற்கும் சிறிய நிறுவனம். சொந்த சர்வர், பதிவுகள் எல்லாம் சரியாக இருந்தன, எந்தப் பட்டியலிலும் ஐபி இல்லை. ஒரு பெரிய வாடிக்கையாளர் கேட்டபடி விலைப்புள்ளி அனுப்பியிருக்கிறார்கள். பதில் வரவில்லை. விலை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். பிறகு வேறு எதற்கோ போன் செய்தபோது அந்தப் பக்கத்தில் இருந்தவர், "நீங்க கொட்டேஷனே அனுப்பலையே, வேற ஆளுக்குக் கொடுத்துட்டோம்" என்றார். எனக்கு அழைப்பு வந்தது. சர்வர் தானாக எழுதிவைக்கும் பதிவேடான லாக்கை எடுத்தோம். அந்த மெயிலுக்கான வரி அப்படியே இருந்தது: பெறுநர் முகவரி, எதிர்முனை சர்வரின் பெயர், இரண்டு வினாடிக்கும் குறைந்த தாமதம், கடைசியில் 'அனுப்பியாயிற்று' என்ற நிலையும் 250 என்ற எண்ணும். 250 என்றால் எதிர்முனை "வாங்கிக்கொண்டேன்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டது என்று பொருள். வாங்கியது உண்மைதான். வாங்கி ஸ்பேம் பெட்டியில் போட்டிருக்கிறது.

நிறுவன உரிமையாளர் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். "அப்போ இதுக்கு முன்னாடி அனுப்பினதெல்லாம்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு லாக்கில் பதில் இல்லை, யாரிடமும் இல்லை. திரும்பி வந்த மெயில் என்றால் 550 என்ற எண்ணோடு காரணமும் வரும், வேறு வழி தேடலாம். சத்தமில்லாமல் ஸ்பேமில் விழுவதை அனுப்பியவர் அறிய வழியே கிடையாது. சொந்த சர்வரின் உண்மையான செலவு இதுதான் என்று நான் நினைக்கிறேன். அது எந்த மாதக் கணக்கிலும் வராது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பல நிறுவனங்களில் பொது முகவரிக்கு வருவதையெல்லாம் உரிமையாளரின் தனிப்பட்ட ஜிமெயிலுக்கு அப்படியே திருப்பிவிட்டிருப்பார்கள். வந்த ஸ்பேமும் சேர்ந்தே போகும். கூகுளின் பார்வையில் அந்த ஸ்பேமை அனுப்பியது உங்கள் சர்வர்தான். அதுபோக, திருப்பிவிட்ட மெயிலில் எஸ்பிஎஃப் முறிந்துபோகும், ஏனென்றால் அதை இப்போது கொடுப்பது மூல அனுப்புநரின் சர்வர் அல்ல. டிகிம் கையெழுத்து இருந்தால்தான் தப்பும். சொந்த சர்வரோ வெளியே கொடுத்ததோ, இந்த ஏற்பாட்டை நிறுத்துங்கள். பெட்டியைத் திறந்து படிக்கப் போனில் ஒரு கணக்குச் சேர்த்தால் போதும்.

அடுத்தது ஆள் விஷயம். மெயில் சர்வரை அமைக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. மூன்றாவது வருடத்தில், விடுமுறை நாளில், அதைத் திறந்து பார்க்கப் போகிறவர் யார் என்று கேட்டால்தான் அமைதி வரும். 2022 ஜனவரி 1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அன்று உலகம் முழுக்க நிறுவனங்கள் தாங்களே நடத்திய, மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வர் மென்பொருளான எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 சர்வர்களில் மெயில்கள் வரிசையில் தேங்கி நின்றன. தாக்குதல் எதுவும் நடக்கவில்லை. அதன் வைரஸ் சோதனைப் பகுதி தன் பதிப்பு எண்ணைத் தேதியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. புத்தாண்டில் அந்த எண் 2,201,010,001 ஆனது. அதை வைக்க ஒதுக்கியிருந்த இடம் 2,147,483,647 வரைதான் தாங்கும். சோதனைப் பகுதி விழுந்தது, சோதனை முடியாததால் மெயில் நகரவில்லை. மைக்ரோசாஃப்ட் சரிசெய்யும் ஸ்கிரிப்டைக் கொடுத்தது. ஆனால் அதை ஒவ்வொரு சர்வரிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து இயக்க வேண்டியிருந்தது. வருடத்தின் முதல் நாளில், ஆள் இருந்த இடத்தில் சில மணி நேரத்தில் முடிந்தது. ஆள் இல்லாத இடத்தில் காத்திருந்தது.

அதற்கு முந்தைய வருடம் மார்ச் மாதம் நடந்தது இன்னும் கடுமை. 2021 மார்ச் 2-ஆம் தேதி எக்ஸ்சேஞ்ச் சர்வரின் நான்கு ஓட்டைகளுக்கு மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் வெளியிட்டது. அதற்குள் தாக்குதல் தொடங்கிவிட்டிருந்தது. அடுத்த சில நாளில் பல்லாயிரக்கணக்கான சர்வர்களில் பின்வாசல் நிரல்கள் வைக்கப்பட்டன, அவற்றில் பெரும்பகுதி சிறிய, நடுத்தர அமைப்புகளுடையவை. திருத்தத்தைப் போட்டால் ஓட்டை அடைபடும், உள்ளே ஏற்கெனவே வைத்த பின்வாசல் அப்படியே இருக்கும். இதை அறிந்து தேடி எடுக்க அனுபவமுள்ள ஆள் வேண்டும். மைக்ரோசாஃப்ட் தானே நடத்தும் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனை அந்த ஓட்டைகள் தொடவில்லை. திறந்த மூல மென்பொருளுக்கு இதெல்லாம் வராது என்றும் நினைக்க வேண்டாம். 2019 ஜூனில் எக்ஸிம் என்ற திறந்த மூல மெயில் சர்வரில் வெளிவந்த ஓட்டை, வெளியே இருப்பவர் ரூட் உரிமையோடு, அதாவது சர்வரின் முழு அதிகாரத்தோடு கட்டளை இயக்கும் அளவுக்கு இருந்தது. வெளிவந்த சில நாளிலேயே அதைத் தேடி இணையத்தைத் துழாவத் தொடங்கினார்கள்.

வெளியே கொடுத்தால் நிம்மதி என்று இதற்கெல்லாம் அர்த்தம் இல்லை. அந்தப் பக்கத்தின் கதைகளும் எனக்குத் தெரியும்.

2020 டிசம்பர் 14-ஆம் தேதி கூகுளின் உள்நுழைவு அமைப்பு முக்கால் மணி நேரம்போல விழுந்ததைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். அதைவிட மோசமானது அடுத்த நாள் நடந்தது. இருக்கிற ஜிமெயில் முகவரிகளுக்கே "அப்படி ஒரு பயனர் இல்லை" என்று 550 பதில் போனது. சர்வர் வெறுமனே விழுந்திருந்தால் அனுப்புகிறவர்கள் வரிசையில் வைத்து மறுபடி முயன்றிருப்பார்கள். 550 என்பது நிரந்தர மறுப்பு. மறுபடி முயல மாட்டார்கள், மெயில் அனுப்பியவரிடமே திரும்பிப் போகும். சில செய்திமடல் அமைப்புகள் அந்த முகவரியையே பட்டியலிலிருந்து தூக்கிவிடும். விழுந்து கிடக்கும் சர்வரைவிடத் தவறாகப் பேசும் சர்வர் ஆபத்தானது என்பதை அன்றைக்குப் போல வேறெப்போதும் நான் உணர்ந்ததில்லை.

2022 டிசம்பர் 2-ஆம் தேதி ரேக்ஸ்பேஸ் நிறுவனம் வாடிக்கையாளர்களுக்காக நடத்திய ஹோஸ்டட் எக்ஸ்சேஞ்ச் சேவை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் தாக்குதலில் நின்றது. அந்த சேவையை நம்பியிருந்தவர்களில் பெரும்பாலோர் சிறு நிறுவனங்கள். அவர்கள் அவசரமாக மைக்ரோசாஃப்ட் 365-க்கு மாற்றப்பட்டார்கள். பழைய மெயில்கள் கைக்கு வர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் சேவையைத் திரும்பக் கட்டப் போவதில்லை என்று நிறுவனம் அறிவித்துவிட்டது. அந்த வாரம் எழுந்து நின்றவர்கள் யார் என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். டொமைனும் டிஎன்எஸ்ஸும் தங்கள் கையில் இருந்தவர்கள், மெயில் எந்த சர்வருக்கு வர வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை மாற்றி, புதிய இடத்தில் அன்றே மெயில் வாங்கத் தொடங்க முடிந்தது. பழைய மெயில்களின் பிரதியைத் தனியாக வைத்திருந்தவர்களுக்கு வேலையும் நிற்கவில்லை.

விலையும் நிபந்தனையும் மாறும். கூகுள் தன் இலவச நிறுவன மெயிலைப் புதியவர்களுக்கு 2012 டிசம்பரில் நிறுத்தியது. முன்பே சேர்ந்தவர்கள் தொடர்ந்து இலவசமாகப் பயன்படுத்திவந்தார்கள். 2022 ஜனவரியில் அவர்களும் கட்டணத்துக்கு மாற வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. எதிர்ப்புக்குப் பிறகு தனிப்பட்ட உபயோகத்துக்கு மட்டும் விட்டுக்கொடுத்தார்கள், வியாபாரத்துக்கு இல்லை. இதை நான் துரோகம் என்று சொல்லமாட்டேன். வாடகைக்கு இருக்கும் சேவையில் இப்படி நடக்கும் என்று எதிர்பார்த்தே இருக்க வேண்டும் என்கிறேன்.

அதனால்தான் டொமைனைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். உங்கள் முகவரியில் @ குறிக்கு வலப்பக்கம் இருப்பது உங்களுடையதாக இருக்கும்வரை, சர்வர் யாருடையது என்பது எந்த நாளும் மாற்றிக்கொள்ளக்கூடிய ஏற்பாடுதான். அது உங்களுடையது இல்லையென்றால் மாறும்போது முகவரியே மாறும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும், வங்கிக்கும், வரி அலுவலகத்துக்கும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். பல இடங்களில் அது வெப்சைட் செய்துகொடுத்தவர் பெயரில் இருக்கும், அல்லது வேலையை விட்டுப்போன ஊழியரின் கணக்கில் இருக்கும். டொமைன் பதிவாளரிடம் உள்ள கணக்குக்கு அதே டொமைனின் மெயில் முகவரியைக் கொடுக்காதீர்கள். டொமைன் காலாவதியானால் புதுப்பிக்கச் சொல்லும் மெயிலும் வராது, பாஸ்வேர்டை மீட்கும் மெயிலும் வராது. வேறொரு முகவரி, இரண்டு பேருக்குத் தெரிந்த பாஸ்வேர்டு, இரண்டாம் அடையாளச் சோதனை, தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு. மெயில் சேவைக்கான நிர்வாகிக் கணக்குக்கும் இதே கவனம் வேண்டும். ஒரே நிர்வாகி, அவர் போன் தொலைந்தது, மீட்பு எண்ணும் அதே போன் என்றால், எதிர்முனையில் இருப்பவர்களிடம் நீங்கள்தான் உரிமையாளர் என்று நிரூபிக்கும் வேலை சாதாரணமானது அல்ல.

பிரதி விஷயத்தில் பெரும்பாலோர் "அவங்ககிட்டயே பத்திரமா இருக்குமே" என்று விட்டுவிடுகிறார்கள். சேவை நிறுவனம் உங்கள் மெயிலைப் பல இடங்களில் நகலெடுத்து வைப்பது உண்மை. ஆனால் நீங்கள் அழித்தால் எல்லா நகலிலும் அழியும். கோபத்தில் வேலையை விட்டுப்போகும் ஒருவர் தன் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போனால், குறிப்பிட்ட சில வாரங்களுக்குப் பிறகு அது எங்கும் இருக்காது. சர்வரில் உள்ள பெட்டியை வேறு மென்பொருள்கள் படிக்க உதவும் ஐமேப் நெறிமுறை வழியாக எல்லாப் பெட்டிகளையும் சொந்த வட்டு ஒன்றில் இழுத்துவைக்க இலவசக் கருவிகள் இருக்கின்றன. மெயில்டிர் போன்ற எளிய வடிவத்தில், மெயிலுக்கு ஒரு கோப்பு என்று வைத்துக்கொண்டால் எந்த மென்பொருளும் இல்லாமலே தேடலாம், திறக்கலாம். பிரதி எடுத்தால் மட்டும் போதாது. ஒரு பழைய மெயிலை அதிலிருந்து எடுத்துத் திறந்தும் பாருங்கள்.

இந்த இரண்டு வழிக்கும் நடுவே மூன்றாவது ஒன்று இருக்கிறது. பலர் தெரியாமலே அதில்தான் இருக்கிறார்கள்: வெப்சைட்டுக்கு இடம் வாங்கும்போது சேர்த்தே இலவசமாகக் கொடுக்கும் மெயில். இதை வேண்டாம் என்றே சொல்வேன். பல நூறு வாடிக்கையாளர்கள் ஒரே ஐபி-யிலிருந்து அனுப்புவார்கள். அவர்களில் ஒருவருடைய வெப்சைட்டில் உடைப்பு ஏற்பட்டு ஸ்பேம் போனால் உங்கள் பில்லும் சேர்ந்து நிற்கும். சொந்த சர்வரில் இருக்கும் கட்டுப்பாடும் இல்லை, நல்ல மெயில் சேவையில் இருக்கும் கண்காணிப்பும் இல்லை. வெப்சைட்டை வேறு இடத்துக்கு மாற்றும்போது பழைய கணக்கை மூடிவிடுவார்கள், அதோடு எல்லாப் பெட்டிகளும் போகும். வெப்சைட் செய்பவருக்கு அங்கே மெயில் இருந்ததே தெரிந்திருக்காது.

சொந்த சர்வரே வேண்டும் என்று சொல்கிறவர்களில் சரியான காரணம் உள்ளவர்களும் உண்டு. கணினி அமைப்புகளை நடத்துவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம், மெயிலை எங்கே வைக்கலாம் என்பதில் சட்டமோ ஒப்பந்தமோ கட்டுப்படுத்தும் நிறுவனம், அல்லது ஆள் குறைவாகவும் பெட்டிகள் மிக அதிகமாகவும் இருக்கும் நிறுவனம். இவர்களுக்கு நான் சொல்வது, வாங்குவதையும் வைப்பதையும் நீங்களே செய்யுங்கள், அனுப்புவதை மட்டும், மற்றவர்களின் மெயிலை வாங்கி வெளியே சேர்ப்பதற்கென்றே இருக்கும் ரிலே சேவை வழியாக விடுங்கள். போஸ்ட்ஃபிக்ஸில் இதற்குச் சில வரிகள் போதும். ரிலே சேவைகள் 587-ஆம் எண் போர்ட் வழியாக உங்கள் மெயிலை வாங்கிக்கொள்ளும், அதனால் 25 அடைபட்டிருந்தாலும் பாதகமில்லை. ஐபி-யின் பெயரைக் காப்பாற்றும் தலைவலி அவர்களுடையது. பெட்டிகள் உங்கள் வட்டில் இருக்கும்.

ரகசியத்துக்காகச் சொந்த சர்வர் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் எழுதும் மெயில்களில் பெரும்பகுதி எதிர்முனையில் கூகுளிடமோ மைக்ரோசாஃப்டிடமோதான் போய் உட்காருகிறது. உங்கள் பக்கத்துப் பிரதி உங்கள் கையில் இருக்கும், அது முக்கியம்தான். உரையாடல் முழுவதும் உங்களிடம் இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

வெளியே கொடுப்பது என்று முடிவெடுத்தால் எந்த நிறுவனம் என்பதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. கூகுள், மைக்ரோசாஃப்ட், சோஹோ, ஃபாஸ்ட்மெயில் என்று நன்றாக நடத்துகிறவர்கள் பலர். உங்கள் ஆட்கள் ஏற்கெனவே எதைப் பழகியிருக்கிறார்கள், ஆள் கணக்கில் கட்டணமா இட அளவுக்குக் கட்டணமா, ஐமேப் திறந்திருக்கிறதா, அழைத்தால் ஒரு மனிதர் பேசுவாரா என்று பாருங்கள். ஐமேப் இல்லாத சேவையில் நான் ஒரு நிறுவனத்தையும் சேர்க்கமாட்டேன். உள்ளே போவதை விட வெளியே வருவதற்கான வழியைத்தான் முதலில் சோதிக்கிறேன்.

மாறும்போது செய்ய வேண்டியதில் வரிசை முக்கியம். எம்எக்ஸ் பதிவின் டிடிஎல் மதிப்பை (மற்றவர்கள் அந்தப் பதிவை எவ்வளவு நேரம் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்பது) ஒரு நாள் முன்பே குறைத்துவிடுங்கள், அப்போதுதான் மாற்றம் சீக்கிரம் பரவும். புதிய இடத்தில் எல்லாப் பெட்டிகளையும் முதலில் திறந்து வையுங்கள், பிறகு எம்எக்ஸை மாற்றுங்கள், பிறகு பழைய மெயில்களை நகர்த்துங்கள். எஸ்பிஎஃப் பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். புதிய சேவை கொடுத்த வரியைப் பழையதன் பக்கத்தில் இரண்டாவது பதிவாக ஒட்டினால் இரண்டுமே செல்லாது. அதற்குள் வரும் டிஎன்எஸ் தேடல்களும் பத்தைத் தாண்டக்கூடாது. பில் அனுப்பும் மென்பொருள், செய்திமடல் சேவை, வெப்சைட்டின் தொடர்புப் படிவம் என்று உங்கள் பெயரில் அனுப்பும் ஒவ்வொன்றையும் தேடிப்பிடித்துச் சேர்க்க வேண்டும். அலுவலக ஸ்கேனரும் மெயில் அனுப்பும், அதை எல்லாரும் மறந்துவிடுவார்கள். டிமார்க்கை முதலில் கண்காணிப்பு நிலையில் மட்டும் வைத்தால், உங்கள் பெயரில் எங்கிருந்தெல்லாம் மெயில் போகிறது என்ற அறிக்கை வந்துகொண்டே இருக்கும். அதைப் படித்துத் தெளிந்த பிறகு கடுமையாக்கலாம்.

பழைய சர்வரை அன்றே அணைத்துவிடாதீர்கள். பழைய எம்எக்ஸைப் பிடித்துக்கொண்டிருக்கும் அனுப்புநர்கள் சில நாள் வரை இருப்பார்கள், அங்கே வந்து விழுவதையும் எடுத்துக்கொள்ள வேண்டும். எதுவும் வராமல் ஓய்ந்தபின் சர்வரை மூடும்போது, எஸ்பிஎஃப் பதிவிலிருந்து அதன் ஐபி-யையும் எடுத்துவிடுங்கள். அந்த ஐபி அடுத்த வாரமே வேறொருவர் கைக்குப் போகலாம். நீங்கள் எடுக்கும்வரை உங்கள் பெயரில் மெயில் அனுப்பும் அனுமதி அவருக்கும் இருக்கும்.